வலுவும் பிணையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, சங்கச் செய்யுள் ஒன்றன் நயத்தையோ, எம் ஆசான்மார் ஒருவரின் அருமையையோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது? ஆயின், கடந்த பல மாதங்களாக எம் நெஞ்சை நிறைத்து நிற்பது செய்யுளன்று. ஒரு பிக்கப் வண்டி. அதிலும், புத்தம் புதிய அவ்வண்டிக்கு மேலும் வலுவூட்டுவதற்கென வெளியே வாங்கிப் பூட்டிய உறுப்புகள். இவ்விடயம் எமக்கு உரியதானது எவ்வாறு என்பதையும், அதனால் யாம் கற்றது யாது என்பதையும் பழைய மாணவரோடும் இன்றைய மாணவரோடும் பகிர்ந்துகொள்வது பயனுடைத்து எனக் கருதி எழுதத் துணிந்தோம்.

எம் தமக்கையாரின் மகன் நம் கல்லூரியின் பழைய மாணவன். எம்மிடமே தமிழ் பயின்றவன். வீட்டில் எம்மை "மாமா" என்பான். பாடசாலையில் "சேர்" என்பான். இன்றும் அவன் வீட்டு வாசலில் நின்று "சேர்" என்று அழைத்தால், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்பதை யாம் உணர்ந்துகொள்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நீர்ப்பம்பிகளும் குழாய்களும் பொருத்திக் கொடுப்பது அவன் தொழில். 2020 மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டும் பழைய வண்டி ஒன்றை ஒட்டியும் கட்டியும் ஓட்டியவன், வழி திறந்ததும் தாய்லாந்திற் கட்டப்பட்ட டீசல் பிக்கப் ஒன்றை லீசிங்கில் எடுத்தான். பிணையாளர் இருவர் வேண்டும் என்றனர். ஒருவர் யாம். மாதச் சம்பளத்தையன்றி வேறு ஆதனம் இல்லாத எமக்கு அஃது எளிய கையொப்பமன்று. எனினும், மருமகனின் உழைப்பை யாம் அறிவோம். ஆதலின் காட்டிய இடமெல்லாம் கையொப்பமிட்டோம்.

வண்டி வந்து ஒரு மாதம் ஆகுமுன் அவன் ஒரு பட்டியலோடு வந்தான்.

"மாமா, வண்டிக்குள்ள இன்னும் வலு கிடக்கு. கொம்பனிக்காரர் அதைப் பூட்டி வைச்சிருக்கினம். நாங்கள் திறந்துவிட வேண்டியதுதான்" என்றான்.

அவன் விளக்கியதை யாம் மாணவன்போல் இருந்து கேட்டோம். இக்கால டீசல் இயந்திரத்தில், வெளியேறும் புகையின் வேகமே டர்போ என்னும் சிறு சுழலியைச் சுற்றுகிறது; அச்சுழலி காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகிறது; எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு டீசல் என்பதை ஒரு சிறு கணினிப் பெட்டி கணந்தோறும் கணக்கிடுகிறது. அப்பெட்டியில் உள்ள கணக்கை மாற்றி எழுதினால் காற்றும் டீசலும் கூடும், வலு ஏறும். காற்று தடையின்றிப் புகத் திறந்த வடிகட்டி, புகை தடையின்றிப் போக அகன்ற குழாய், வண்டி உயர்ந்து நிற்க நீண்ட வில்லுகள், பெரிய ரயர்கள் நான்கு. எம்மிடம் இலக்கணம் படித்த நாளில் வேற்றுமை எட்டையும் ஒருமுறையேனும் ஒழுங்காகச் சொல்லாத பிள்ளை, இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விளக்கிய தெளிவு கண்டு யாம் வியந்தோம்.

"எதற்காக?" என்று மட்டுமே கேட்டோம்.

"சும்மா மாமா. வலு இருந்தால் நல்லதுதானே?" என்றான்.

நிற்க. வண்டியில் மாற்றம் செய்வதையே யாம் வெறுப்பவர் என்று அன்பர்கள் எண்ணற்க. மாற்றம் செய்த கார் ஒன்றிலேயே யாம் வளர்ந்தோம். எம் தந்தையார் ஒஸ்ரின் ஏ40 சோமர்செட் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டியவர். 1952 தொடக்கம் 1954 வரை இங்கிலாந்திற் கட்டப்பட்ட வகை அது. 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம். 1990 இல் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது எமக்கு வயது பத்து. ஊரில் ஓடிய பழைய கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை தெருவை மூடும். அதன் மணம் எம் பாடப்புத்தகங்களிலும் ஏறியிருந்தது.

ஆனால் தந்தையார் எண்ணெயை மட்டும் மாற்றவில்லை. மண்ணெண்ணெய் முந்தி வெடித்து இயந்திரத்தைத் தட்டும் என்பதால், தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தார். அமுக்கம் குறையவேண்டும் என்று தலைமூடியின் கீழ் இன்னொரு கஸ்கற் வைத்தார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை இளக்கிவிடும் என்பதால் அவ்வெண்ணெயை அடிக்கடி மாற்றினார். வலு குறைந்துவிட்டதை அறிந்து, ஐவர் ஏறும் காரில் மூவரையே ஏற்றினார். புதிய பிறேக் உதிரிப்பாகம் கிடையாத காலம் என்பதால் சைக்கிளுக்குச் சற்று மேலான வேகத்திலேயே ஓட்டினார். ஒருநாள் இரவு அயல்வீட்டுப் பெண்மணி ஒருவரைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றபோது யாமும் முன்னிருக்கையில் இருந்தோம். அவ்வளவு அவசரத்திலும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை. "கெதியா ஓடுங்கோவன் அப்பா" என்று யாம் அழுதோம். "ஓடப்பண்ணுறது கெட்டித்தனம் இல்லைத் தம்பி. நினைச்ச இடத்தில நிப்பாட்டத் தெரியவேணும்" என்றார். உரிய நேரத்திற் போய்ச் சேர்ந்தோம்.

இக்கதையை யாம் மருமகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உன் வண்டி; நீ அறிவாய்" என்று கூறி விட்டுவிட்டோம். பிணை நின்றது பணத்துக்குத்தானே, தவணை தவறாமற் கட்டினாற் போதும் என்று எண்ணினோம்.

இரண்டு கிழமையின் பின் அவன் வண்டியோடு கல்லூரி வாசலுக்கு வந்தான். பாடசாலை விடும் நேரம். மாணவர் சூழ்ந்துகொண்டனர். உயர்ந்து நின்ற வண்டியில் ஏறி, ஒருமுறை அழுத்தி மிதித்தான். குழாய் முழங்கிற்று, கரும்புகை மதிலுக்கு மேலே எழுந்தது, மாணவர் கைதட்டி ஆர்ப்பரித்தனர். உள்ளதைச் சொல்வதாயின், யாமும் அவர்களோடு நின்று சிரித்தோம். எம் மருமகன் என்ற பெருமிதம் அச்சிரிப்பிலே கலந்திருந்தது. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு, வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் அங்கே சொன்னது அவ்வேளை நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் மாதம் கிளச் நழுவத் தொடங்கிற்று. பாரத்தோடு ஏறும்போது இயந்திரம் இரையும், வண்டி நகராது, எரிந்த மணம் வரும். வண்டி விற்றோரிடம் கொண்டு சென்றான். கணினிப் பெட்டியின் கணக்கு மாற்றப்பட்டிருப்பதைக் கண்டு, உத்தரவாதத்தின்கீழ்த் திருத்த இயலாது என்றனர். அவர்கள்மேற் குற்றமில்லை. கைக்காசு கொடுத்துப் புதிய கிளச் போட்டான். அப்போதும் யாம் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் ஓர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "சேர்" என்றான். எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

ஏ9 வீதியில், மாங்குளத்துக்கு அப்பால், குழாய்க்கட்டும் இரண்டு பம்பிகளும் ஏற்றி வந்த வேளையில், வீதியின் குறுக்கே மாடுகள் படுத்திருந்தன. மிதித்தான். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மாட்டை விலக்கித் திருப்பியபோது உயர்ந்திருந்த வண்டி சாய்ந்து வாய்க்காலில் இறங்கிற்று. அவனுக்குச் சிராய்ப்பு மட்டுமே. உதவிக்கு வந்த பிள்ளைக்கு முன்கை முறிந்தது. அப்பிள்ளையும் நம் கல்லூரியிற் படித்தவன். சாதாரண தரத்தோடு நின்றவன். எம் வகுப்பில் மூன்றாம் வாங்கில் இருந்தவன். ஆசுபத்திரியில் அவனுடைய தாயார் எம்மை ஏசவில்லை. "சேர், நீங்களும் வந்திட்டியளோ" என்று கதிரையை நகர்த்தித் தந்தார். ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எம் நண்பரான பௌதிகவியல் ஆசிரியரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டார். முன்பிருந்த ரயர் 265/65 ஆர் 17. அதன் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். பூட்டிய ரயர் 285/70 ஆர் 17. விட்டம் ஏறத்தாழ 831. நூற்றுக்கு ஏழு பங்கு பெரிது. ஆகவே வேகமானி 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 85க்கு மேல் ஓடுகிறது. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. எனவே பிறேக் அடக்கவேண்டிய ஆற்றல் ஏழிலொரு பங்கு மிகுகிறது. அதே பிறேக்கை அதே அளவு மிதித்தாலும், சில்லு பெரிதானமையால் நிலத்திலே கிடைக்கும் பிடி நூற்றுக்கு ஆறேழு பங்கு குறைகிறது. வண்டியை உயர்த்தியதாற் பாரத்தின் நடுவமும் உயர்கிறது. திருப்பும்போது சாய்வது எளிதாகிறது. "வலுவைக் கூட்டினீர்கள், அடக்குவதைக் கூட்டவில்லை" என்றார் நண்பர். அவர் பன்மையிற் பேசியது எம்மையும் சேர்த்துத்தான் என்று கொண்டோம்.

அவர் இன்னுமொன்று சொன்னார். ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் 2.8 லீற்றர் டீசல் இயந்திரத்தை 2020 இல் அதனை ஆக்கியோரே வலுப்படுத்தினர். 130 கிலோவாற்று 150 ஆயிற்று. தானியங்கிக் கியர் உள்ள வண்டியில் முறுக்குவிசை 450 நியூற்றன் மீற்றரிலிருந்து 500க்கு உயர்ந்தது. ஆனால் கையாற் கியர் மாற்றும் வண்டிக்கு அதே இயந்திரத்தை 420 என்ற அளவோடு நிறுத்தினர். மருமகன் "பூட்டி வைச்சிருக்கினம்" என்றது இதனையே. பூட்டியது கஞ்சத்தனத்தாலன்று, இயந்திரம் தருவதைப் பின்னால் உள்ள உறுப்புகளும் தாங்கவேண்டும் என்பதனால்.

அன்று இரவு எமக்கு ஒன்று விளங்கிற்று. வண்டியில் ஏறும் ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் எங்கோ ஓர் உறுப்புப் பிணை நிற்கிறது. கிளச் பிணை, பிறேக் பிணை, ரயர் பிணை, வெப்பத்தைத் தணிக்கும் நீர் பிணை. அவற்றைக் கேளாமல் இயந்திரத்துக்கு மட்டும் வலுக் கொடுத்தால், கடனைக் கட்டுவது கடன்பட்டவன் அன்று, பிணை நின்றவன். அவ்விரவு கடனைக் கட்டியது பக்கத்து இருக்கையில் இருந்த பிள்ளையின் கை. எம் தந்தையார் அந்தப் பழைய காரில் ஒன்றை மாற்றுமுன் மற்ற எல்லாவற்றையும் கேட்டார். யாம் கேளாதிருந்தோம்.

மறு ஞாயிறு மருமகனை அழைத்து, தந்தையாரின் கதையை முதன்முறையாகச் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர் அவனே பட்டியலைத் திருப்பி எழுதினான். கணினிப் பெட்டிக்குப் பழைய கணக்கு. பழைய அளவு ரயர். ஆயின் கிரவல் வழிக்கு ஏற்ற உறுதியான வகை. பழைய வில்லு, பழைய குழாய், பழைய காற்று வடிகட்டி. தோட்டத்துப் புழுதிக்கு நடுவே திறந்த வடிகட்டி ஆகாது என்பதை அவனே கண்டிருந்தான். இவற்றோடு, பயனுள்ள சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தான்: தரமான பிறேக் கட்டைகள், டீசலிற் கலந்த நீரைப் பிரித்தெடுக்கும் இரண்டாவது வடிகட்டி, குழாய் கட்டுவதற்கு உறுதியான இரும்புச் சட்டம். இக்கால டீசல் இயந்திரத்தின் நுண்ணிய தெளிப்பிகளுக்கு நீர் பெரும் பகை. ஆகவே அவ்வடிகட்டியின் விலை பல மடங்கு செலவைத் தடுக்கும். இவையும் வெளியே வாங்கிப் பூட்டியவையே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் "எதற்காக?" என்ற வினாவுக்கு அவனிடம் விடை இருந்தது.

முறிந்த கை பொருந்திவிட்டது. அப்பிள்ளையின் மருத்துவச் செலவையும், வேலை செய்யாத மாதங்களின் கூலியையும் மருமகன் கொடுத்தான். ஒரு பங்கை யாம் கொடுத்தோம். அப்பிள்ளை இப்போது மாலை வேளைகளில் எம் வீட்டுக்கு வந்து, சாதாரண தரப் பரீட்சைக்கு மீண்டும் தோற்றுவதற்காகத் தமிழ் படிக்கிறான். அவனுக்கு வேற்றுமை எட்டும் மனப்பாடம்.

மாணவச் செல்வங்காள், வலுவை விரும்புவது இளமையின் இயல்பு. அதனை யாம் இகழோம். வண்டிக்கு ஒன்றைப் பூட்டுமுன், அதன் பாரத்தை வேறு எது தாங்கப்போகிறது என்று கேளுங்கள். முதற் காசை நிறுத்துவதற்கு ஒதுக்குங்கள். ஓடுவதற்கு அடுத்த காசு போதும். பழைய மாணவர்காள், இளையவர் ஒருவருக்குப் பிணையாகக் கையொப்பமிடும் நாளில், பணத்துக்கு மட்டும் பிணை நிற்கிறோம் என்று எண்ணாதீர்கள். நம் கல்லூரி வாசலில் கரும்புகை எழுந்தபோது கைதட்டியவர் இளம் பிள்ளைகள். அவர்களை விலக்கிக்கொண்டு முன்சென்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டியவர் யாம். அச்சொல்லை அன்று சொல்லத் தவறியமையால் இன்று இங்கே எழுதிவைக்கிறோம்.