பகாப்பதமும் பகா எண்ணும்

தமிழாசிரியர்க்கு எண்ணோடு என்ன உறவு என நண்பர் சிலர் நம்மை வினவுவதுண்டு. உறவு உண்டென்றே விடையிறுப்போம். பதத்தைப் பகுபதம், பகாப்பதம் என நன்னூலார் வகுத்தனர். நம் கணித பாடநூல்கள் முதன்மை எண் என வழங்குவதனைப் பகா எண் என்றும் கூறுவர். ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிற முழு எண்களால் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் அது. பதமாயினும் எண்ணாயினும், பகாதது எனத் தோற்றங்கண்டு துணிதல் அரிது.

பிரான்சு நாட்டுத் துறவியாகிய மேர்சென் 1644 ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2 இன் வலுவொன்றில் 1 ஐக் கழிக்க வரும் எண்களுட் பகா எண்கள் இவை என்பது அவர் கூற்று. சுட்டி 67, 127 ஆகிய இரண்டும் அதில் இடம்பெற்றன. 1876 இல் லூக்காஸ் என்னும் கணித வல்லுநர், 67 க்குரிய எண் பகுபடும் என நிறுவினார்; காரணிகளை அவர் கூறினாரல்லர். அமெரிக்கரான கோல் என்பார் 1903 இல் அவற்றை வெளிப்படுத்தினார். அவை 193707721, 761838257287 என்பன. இவற்றைப் பெருக்கிப் பார்க்க விரும்பும் மாணவர்க்கு ஒரு தாளும் சிறிது பொறுமையும் போதும்.

127 க்குரிய எண்ணோ 39 இலக்கங்கொண்டது. அது பகா எண்ணே என 1876 இலேயே காட்டியவரும் லூக்காஸே. அவர் முறையைப் பின்னாளில் லேமர் செப்பஞ்செய்தார். 4 இல் தொடங்கி, வர்க்கித்து, 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். சுட்டி 5 ஆயின் எண் 31; அதற்கு 4, 14, 8, 0 என மூன்று படிகளிற் சுழி எஞ்சும். ஆதலின் 31 பகா எண். சுட்டி 127 ஆயின் 125 படிகள் வேண்டும். 2024 இல் கண்டறியப்பட்ட பகா எண்ணின் சுட்டி 136279841, இலக்கங்கள் 41024320. வேறு கணினிகளிலும் சோதித்த பின்னரே அதனை உலகிற்கு அறிவித்தனர்.

ஒரே பெரியார், ஒரே பட்டியல். ஒன்று பிழை, மற்றொன்று சரி. அவர் பெயரைக் கொண்டு இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் இயலாதன்றோ?

வகுப்பில் ஒரு பதத்தைப் பகாப்பதமென்று கூறும் மாணவனிடம் காரணம் வினவுவோம். “சேர், நீங்கள் சொல்லித் தந்ததுதானே” என்பான். விடை சரியாயினும் நம் உள்ளம் நிறைவதில்லை. பரீட்சைக்கு அவ்விடை போதும். ஆசிரியர் அருகில்லாத நாளில் புதியதொரு சொல் எதிர்ப்படின் அது போதாது. எனவே, “பகுத்துப் பார்த்தாயா, தம்பி?” என மீண்டும் கேட்கின்றோம். மாணவர் நம் சொல்லையும் சோதித்தே ஏற்பாராயின், அதனினும் பெரிய குருதட்சணை நமக்கு வேண்டுவதில்லை.