பாம்படத்துக்குள் அரக்கு

நெல்லை டவுனில் கோயிலை ஒட்டிய சந்துகளில் நகைப் பட்டறைகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. நான் போன பட்டறையில் பாம்படம் என்னும் காதணியைச் செய்வதில்லை, அழிக்கிறார்கள். "தாத்தா செஞ்சத நான் உருக்குதேன்" என்றார் ஆசாரி. 1963-இல் வந்த தங்கக் கட்டுப்பாடு 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை போட்டபோது, அந்தத் தாத்தா பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூலி வேலைக்குப் போனாராம்.

அன்றைக்கு உடன்குடிப் பக்கமிருந்து ஓர் அம்மா தன் தாயாரின் பாம்படத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். ஆசாரி அதை உள்ளங்கையில் வாங்கி, "யாருதும்மா?" என்றார். யார் வந்தாலும் இந்தக் கேள்வி உண்டு. திருட்டு நகையை உருக்கிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க முடியாதே! ஆனால், அந்த ஒரு கேள்விக்கு அந்த அம்மா அரைமணி நேரம் பதில் சொன்னார்.

தாயார் கருப்பட்டி காய்ச்சியவர். விதைப்புக்கு, அண்ணன் கல்யாணத்துக்கு, இவருடைய நர்ஸ் படிப்புக்கு என்று பாம்படம் அடகுக்கடைக்குப் போய்ப் போய் வந்திருக்கிறது. "அடகுல இருக்கைல அம்மை கோயிலுக்குக்கூடப் போமாட்டா, அண்ணாச்சி. வெறுங்காதப் பாத்தாலே ஊருக்குத் தெரிஞ்சிருமே." குழந்தையிலேயே காது குத்தி, பஞ்சு திணித்து, ஈயக் குணுக்கு மாட்டித் தோள்வரை வளர்த்த காது; அது குடும்பத்தின் வரவுசெலவைத் தெருவுக்குச் சொல்லிவிடும். இவருடைய அக்காவுக்கு அப்படி வளர்த்த காதை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்திருக்கிறார்கள். இவருக்கு வளர்க்கவே இல்லை.

பாம்படத்தில் பூவும் மயிலும் கிடையாது. சதுரமும் உருண்டையும் கூம்புமாக அடுக்கிய கட்டடம். மெல்லிய பொன் தகட்டை மடித்துப் பற்றவைத்து உள்ளே அரக்கை நிரப்புவார்கள். கொஞ்சப் பொன்னில் பெரிய நகை. ஆசாரி ஒரு காதினுடையதை மட்டும் அனலில் காட்டினார். அரக்கு இளகிக் கருப்பாக வழிந்தது, பட்டறை முழுக்க அதன் வாடை. வெறும் தகடு தராசுக்குப் போனதும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

"இம்புட்டுத்தானா?"

"மிச்சம் அரக்குதாம்மா. அதுக்குத்தான் ஒங்க கண்ணு முன்னாலயே நிறுக்கேன்."

இந்த நகையை மதுரைப் பக்கம் தண்டட்டி என்பார்கள். 2023-இல் அந்தப் பெயரில் ஒரு படமே வந்தது. பாம்படத்தை உருக்குவது பாவம் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும்போது எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. ஆபத்துக்கு உதவவும் பங்கு வைக்கவும்தானே அதைச் செய்தார்கள்? உருக்குவதற்கு முன் போட்டோவாவது எடுத்து வைக்கலாம், அவ்வளவே.

அந்த அம்மாவின் மூன்று பேத்திகளுக்கு மூன்று மோதிரம் என்பது திட்டம். அதற்குள் பெங்களூரிலிருந்து மூத்தவள் போனில் வந்துவிட்டாள். "ஆச்சி, மத்தத உருக்காதிய. நான் செயின்ல கோத்துப் போட்டுக்கிடுதேன்."

"அப்போ மத்த ரெண்டு பேருக்கும்?"

ஸ்பீக்கரில் இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. ஆசாரி அனலைத் தணித்துவிட்டு எல்லோருக்கும் டீ சொல்லியனுப்பினார். கூலி மூன்று மோதிரத்துக்கா, ஒன்றுக்கா என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.