செய்யாற்று ஊற்றுக்கால்

மார்கழி பாதி கடந்ததும் செய்யாற்றில் மேல்தண்ணீர் வற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஜவ்வாது மலையில் கொட்டியதெல்லாம் ஓடித் தீர்ந்து, ஆற்றில் ஓரமாகக் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் மிஞ்சும். ஆறு அவ்வளவுதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிற அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஆற்றில் வேலை தொடங்கும். தண்ணீர் மணலுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது என்பது உத்திரமேரூர்ப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஊருக்குத் திருப்ப ஆற்று மணலிலேயே வெட்டுகிற வாய்க்கால்தான் ஊற்றுக்கால்.

பார்க்க வெறும் பள்ளம். ஆனால் அதை வெட்டக் கணக்குத் தெரிய வேண்டும். ஆற்றுப் படுகை சரிகிற சரிவைவிட ஊற்றுக்காலின் சரிவு குறைவாக இருக்கும். அதனால் தலைப்பில் ஆளை மறைக்கிற ஆழத்தில் ஊறுகிற தண்ணீர், ஆற்றோடு கூடவே நெடுந்தூரம் போகப் போக மேலே ஏறி வருவதுபோலத் தெரிந்து, கடைசியில் கரை மட்டத்துக்கு வந்து ஏரிக்கோ வயலுக்கோ பாய்ந்துவிடும். ஏற்றமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். அடுத்த வருஷ வெள்ளம் வந்து பள்ளத்தை முழுக்கத் தூர்த்துவிட்டுப் போகும். மறுபடி வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி, மறுபடி வெட்ட வேண்டும். சலித்துக்கொண்டவர்கள் உண்டு. வராமல் இருந்தவர்களை நான் பார்த்ததில்லை.

நாங்கள் பிள்ளைகள் கூலிக்கும் இல்லை, கணக்கிலும் இல்லை. விடியுமுன்பே போய், ஊற்றுக்கால் கரைக்கு வருகிற முனையில் இறங்கி, தலைப்பை நோக்கி எதிர்த்து நடப்போம். முதலில் இடுப்பளவுதான் மணல் சுவர். வளைவுக்கு வளைவு அது உயரும். தோளுக்கு வரும், தலைக்கு மேலே போகும். பிறகு ஆறும் தெரியாது, கரைப் பனைமரமும் தெரியாது, மேலே நீளமாக ஒரு துண்டு வானம் மட்டும் கூடவே வரும். பனியில் உடம்பு நடுங்கும். காலுக்கடியில் ஊற்றுத் தண்ணீரோ வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் குளிருக்கு அதிலிருந்து லேசாக ஆவி எழும். நின்றால் பாதத்தைச் சுற்றி மணல் மெல்ல இளகும். விரல் இடுக்கில் அயிரை மீன் வந்து முட்டும்.

சுவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஒரு விரற்கடை பருமணல், அதன்மேல் மாவாக நைந்த பொடிமணல், நடுவில் கறுப்பாகக் களிமண் கோடு ஒன்று. களிமண் கோட்டுக்குக் கீழே தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசியும். மேலே கை வைத்தால் உலர்ந்திருக்கும். வெள்ளம் வேகமாக வந்தால் பருமணலையும், ஓய்ந்து நின்றால் வண்டலையும் விட்டுப்போகும் என்று பெரியப்பா சொல்லித்தான் தெரியும். எந்தக் கோடு எந்த வருஷத்து வெள்ளம் என்று அவர் சுவரைத் தொட்டுச் சொல்வார். எங்களில் யாராவது மேல் விளிம்பில் நடந்தால் மட்டும் அவர் குரல் மாறிவிடும். "மேல ஏறாத கண்ணு, சரிஞ்சா உள்ள இருக்கறவன மூடிப்பூடும்." சரிவு கண்ட இடத்தில் உடனே தழையும் நாணலும் வைத்து அணை கட்டுவார்கள். ஈர நாணல் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தப் பள்ளத்தின் ஞாபகம் வந்துவிடும்.

அந்த நாட்களில் மணல்தான் எங்களுக்கு வீதியும் மைதானமும். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரத்துக்கு வந்து பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த இடத்தில் மற்ற ஊர்ப் பெருமாள்களும் வந்து சேர, பாரிவேட்டைக்குக் கூட்டம் ஆற்றுக்குள்ளேயே உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கும். தைப்பூசத்துக்குப் பெருநகரில் செய்யாற்றுக்குள் சுற்றூர்ச் சாமிகள் வந்து இறங்கும். தாகமெடுத்தவர் இருந்த இடத்திலேயே ஒரு முழம் தோண்டிக் குடித்தார்.

உத்திரமேரூர் என்றால் உலகத்துக்குக் குடவோலைதான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். தேர்தல் முறையைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே கல்லில் ஏரி வாரியமும் இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள வருஷா வருஷம் ஆள் தேர்ந்தெடுத்த ஊர் இது. பல்லவன் தந்திவர்மனின் வயிரமேகன் என்ற பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி இன்னும் கிடக்கிறது, ஆனால் கூடை சுமந்து மண் எடுத்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எனக்கு அந்தக் கூடைக்காரர்கள்தான் நெருக்கம்.

இப்போது நான் இருப்பது அரிசோனாவின் பீனிக்ஸில். இங்கிருந்து வடக்கே போனால் பாறைப் பிளவுகளுக்குள் நடக்கிற இடங்கள் நிறைய. நவஹோ மக்களின் நிலத்தில் ஆண்டிலோப் பள்ளத்தாக்கு, யூட்டா எல்லைக்கு அப்பால் பக்ஸ்கின் பிளவு. சில இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தொடும். குளிர்காலத்தில் போனால் தேங்கிய தண்ணீர் எலும்பைக் கடிக்கும். ஆனால் கோடையில் திடீர் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டும். 1997 ஆகஸ்டில் தொலைவில் எங்கோ பெய்த மழை ஆண்டிலோப்பின் கீழ்ப்பிளவுக்குள் பாய்ந்து 11 பேரைக் கொண்டுபோனது. ஒரு டிசம்பரில் அலுவலக நண்பர்களோடு இப்படி ஒரு பிளவுக்குள் இறங்கினேன். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் கை வைத்துக் கோடுகளைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். அந்தச் செம்பாறை முழுக்க ஒரு காலத்தில் காற்று குவித்த மணல்மேடு. டைனோசர் காலத்து மணல், இறுகிக் கல்லாகி, பிறகு தண்ணீர் அறுத்துப் பிளவானது. அழகுதான். வாயடைக்க வைக்கிற அழகு. ஆனால் அங்கே யாரும் வருஷா வருஷம் போய் வெட்ட வேண்டியதில்லை. என் ஏக்கமெல்லாம் ஒரு வருஷம் விட்டால் இல்லாமல் போகிற அந்தப் பள்ளத்தின் மேல்தான்.

விட்டது ஒரு வருஷமா? மணல் லாரி ஏறிச் சென்னைக்குப் போனது. அடுக்குமாடிகளாக நிற்கிறது. ஒரு பருவத்தில் ஊர்ந்து போன தண்ணீரைப் பிடித்துவைக்க மணல் இல்லாமல், கரையோரம் போர் போட்டவர்கள் இன்னும் ஆழம் போனார்கள். போர் வந்ததும் ஊற்றுக்காலுக்கு ஆள் வருவது நின்றது. மணல் போனதால் வாய்க்கால் செத்ததா, வாய்க்காலை விட்டதால் மணலைக் கேட்க நாதியில்லாமல் போனதா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஊர் வருஷம் ஒருமுறை ஆற்றுக்குள் நின்றிருந்தால் லாரி அவ்வளவு லேசில் இறங்கியிருக்காது என்றே நம்புகிறேன். கடைசியாகப் போனபோது எங்கள் தலைப்பு இருந்த இடத்தில் களித்தரை வெடித்துக் கிடந்தது, சீமைக்கருவேலம் ஆளுயரம். சரிவுக் கணக்குத் தெரிந்த பெரியப்பாவும் இல்லை.

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சித்தப்பா மகன் போன் செய்தான். பழைய வளைவில் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருக்கிறதாம், முட்டிக்கு மேல் புதைகிறதாம். பருமணலா, பொடியா என்று கேட்டேன். பருமணல் என்றான். தோண்டிப் பார்த்தாயா என்றேன். "ரெண்டு முழத்துல தண்ணி கண்டுச்சுண்ணா." எனக்குக் குரல் எழவில்லை. அதை யாரும் அள்ளாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

"எத்தினி நாளைக்குண்ணா?" என்றான்.