தக்காளியால் வந்த சண்டை



ஒரு சட்டி ஆணத்தில் தக்காளி போடலாமா, கூடாதா என்ற விவகாரம் சட்டசபை வரை போன கதையைக் கேட்டிருக்கிறீர்களா?

அமெரிக்காவின் கரையோர மக்கள் மட்டியைக் கொண்டு 'சௌடர்' என்றொரு கெட்டியான சூப் காய்ச்சுவார்கள். வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் வெங்காயம், உருளைக்கிழங்கு, மட்டி ஆகியவற்றோடு பால் ஊற்றுவார்கள், அது வெள்ளை. நியூயோர்க்கின் 'மன்ஹாட்டன்' என்ற பெயரைத் தாங்கியதோ பாலின்றித் தக்காளியில் காய்ச்சப்படுவது, அது சிவப்பு. வித்தியாசம் இவ்வளவுதான்.

1939ஆம் ஆண்டில் மெயின் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவர், மட்டிச் சூப்பில் தக்காளி சேர்ப்பதைத் தடைசெய்ய மசோதாவே கொண்டுவந்தார்! அது சட்டமாகவில்லை. ஆயினும், 'தக்காளி போட்டால் அது சௌடரே அல்ல' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. பொஸ்டன் நகரில் சமையற் பாடசாலை நடத்திய ஃபெனி ஃபாமரின் சமையல் நூல் 1896இல் வெளிவந்தது. அதன் 1918ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள 'ரோட் ஐலண்ட் சௌடர்' என்ற மட்டிச் சூப்பில் தக்காளியும் உண்டு, பாலும் உண்டு; பால் திரையாதிருக்கச் சிறிது சோடாவும் உண்டு. பொஸ்டனும் ரோட் ஐலண்டும் நியூ இங்கிலாந்தைச் சேர்ந்தவையே! சட்டத்தால் விரட்ட நினைத்த தக்காளி, அவர்களுடைய அடுப்பங்கரையிலேயே முன்பிருந்து வெந்துகொண்டிருந்தது.

நமக்கு முக்கியமான கேள்வி நிறமல்ல. வெள்ளையோ சிவப்போ, பழைய முறைப்படி இரண்டும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பை உருக்கித்தான் தொடங்கும். ஆகவே அந்நாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: தக்காளியைப் பார்க்குமுன் சட்டியின் அடியில் உருகியது எதுவென்று விசாரிக்கட்டும். வீட்டில் காய்ச்சுவதானால் வெண்ணெயே போதும்.

மட்டி விடயத்திலும் ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதியுண்டு. ஹனஃபி மத்ஹபில் கடலுயிர்களில் மீன் மட்டுமே ஆகும். இரு சாராரும் ஒரே ஸஹனில் உண்கின்றனர். வேண்டாதவர் அதைத் தொடாமல் விடுகிறார்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். ஹராமை ஹராம் என்போம். ஆனால், சம்பந்தி வீட்டிலிருந்து வரும் ஆணத்தில் நமக்குப் பழக்கமில்லாத ஒன்று மிதந்தால், அதற்கொரு மசோதா கொண்டுவர வேண்டாம், சகோதரிகளே!