பெல்ட்டைக் கழற்றியது நான்தான்

டெக்சஸ் மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேப்பிடல், ஆஸ்டின் நகரின் நடுவே நிற்கிறது. 1888இல் கட்டி முடித்தது. கருங்கல் கட்டடம்தான், ஆனால் கல் இளஞ்சிவப்பு. மாலை வெயிலில் நம்ம ஊர் பண்டுங் நிறம்! உள்ளே போகக் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போகலாம்.

தெற்கு வாசலில் வரிசை. பெல்ட், கைப்பேசி, சில்லறை எல்லாவற்றையும் தட்டில் போட்டேன். அக்காவின் கைப்பையும், அவள் மகளின் முதுகுப்பையும் ஸ்கேனருக்குள் போயின. அப்போது பக்கத்துத் தனி வழியில் ஒருவர் வந்தார். இடுப்பில் உறை, உறைக்குள் கைத்துப்பாக்கி. பாதுகாவலரிடம் ஓர் அட்டையை நீட்டினார். அவர் சரிபார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான், மனிதர் உள்ளே போய்விட்டார்.

"மாமா, அந்த அங்கிள ஏன் செக் பண்ணல?" என்றாள் ஆறு வயது மருமகள்.

நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

2010 ஜனவரியில் ஓர் இளைஞன் இதே தெற்குப் படிகளில் நின்று வானத்தை நோக்கிச் சுட்டான். யாருக்கும் காயமில்லை. சில மாதங்களில் சோதனைக் கருவிகள் வந்தன. ஆனால் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனி வழி. அவர்களின் கைரேகை பதிவாகியிருக்கிறது, குற்றப் பின்னணி அலசப்பட்டிருக்கிறது, வகுப்பும் சுடும் தேர்வும் முடித்திருக்கிறார்கள். அதனால் அரசுக்கு அவர்கள் தெரிந்தவர்கள். தண்ணீர் போத்தலோடு வந்த நான்தான் அந்நியன்.

யோசித்தால் இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அட்டை சொல்வது நேற்றுவரை உள்ள கதை. இன்று காலை அந்த மனிதர் வீட்டில் என்ன சண்டை என்று எந்த அட்டை சொல்லும்?

இன்னொரு வேடிக்கை. கேப்பிடலுக்குத் தினமும் வந்துபோகும் லாபியிஸ்டுகளும் செய்தியாளர்களும் வரிசையில் நிற்கச் சலித்துப்போய், துப்பாக்கியே இல்லாதவர்கள்கூட உரிமத்துக்கு விண்ணப்பித்தார்கள். பிறகு அவர்களுக்கென்றே ஒரு நுழைவு அட்டையை அரசு கொண்டுவந்தது. 2013 ஜூலையில் கருக்கலைப்பு மசோதா விவாதத்தைப் பார்க்க வந்த பெண்களின் பைகளிலிருந்து மாதவிலக்குப் பொருள்களைக் காவலர்கள் பறிமுதல் செய்தார்கள். மேலிருந்து சபைக்குள் வீசிவிடுவார்களாம்! அதே நாளில் உரிமம் உள்ள துப்பாக்கிகள் உள்ளே போகத் தடையில்லை. கண்டனம் எழுந்த பிறகே பெண்களின் பொருள்களை அனுமதித்தார்கள்.

நம் நாட்டு அரசாங்க அலுவலக வாசலில் என்ன பார்ப்பார்கள்? முட்டிக்கு மேல் அரைக்கால் சட்டையா, சிலிப்பரா, கையில்லாத சட்டையா என்று. ஒருமுறை என்னையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கேப்பிடலில் அரைக்கால் சட்டைக்காரர்கள் தாராளமாக உலாவுகிறார்கள்.

உள்ளே, வட்ட மண்டபத் தரையின் நடுவே ஒரு நட்சத்திரம். நிமிர்ந்தால் 218 அடி உயரத்தில் குவிமாடத்திலும் ஒரு நட்சத்திரம். கீழே நின்று கை தட்டினால் சத்தம் சுற்றித் திரும்பி வருகிறது. மருமகள் பத்து முறை தட்டினாள். வானொலிக்காரன் நானும் தட்டினேன்.

அங்கே நின்றுதான் அக்கா சொன்னாள்.

"தம்பி, சனிக்கிழமை உரிம வகுப்புக்குப் பதிஞ்சிருக்கேன்."

2021 செப்டம்பருக்குப் பிறகு டெக்சஸில் 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் உரிமமே இல்லாமல் வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். பிறகு எதற்கு வகுப்பு?

"சுடத் தெரியாம வாங்கி வைக்கச் சொல்றியா?"

"வாங்கவே வேணாம்னு சொல்றேன். வீட்ல பிள்ளை இருக்கு."

"கிள்ளான்ல அம்மா சங்கிலிய அறுத்துக்கிட்டு ஓடுனப்ப நாம வெறும் கையோடதான நின்னோம்?"

அன்று எங்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க நினைத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். கேட்கவில்லை. பிள்ளை இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது யாரும் எதையும் சோதிப்பதில்லை. புல்வெளியில் அமர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அக்காவிடம் கேட்டேன். "எழுது. அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன்" என்றாள். அம்மா என்னிடம் இன்னும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.