மீதிப் பணம்

கோட்டூர்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ போனில் பேசியதிலிருந்து மனசே சரியில்லை. பாத்ரூம் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதிப் பணத்தைக் கேட்கிறாராமே கான்ட்ராக்டர், கொடுத்துவிடவா என்றாய். முழுசாகக் கொடுத்துவிடாதே. சண்டையும் போடாதே.

2015-ல் அடையாற்று வெள்ளம் கீழ்வீட்டுக்குள் புகுந்து போன பிறகு, சுவர் பூச அப்பா மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்து ஏமாந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு துண்டுச் சீட்டுகூட நம் கையில் இல்லை.

போன ஐப்பசியில் மொட்டை மாடி ஒழுகியபோது அது என் கண்முன் நின்றது. பூச்சு வேலை செய்த கான்ட்ராக்டரின் பில்லில் 1,150 சதுர அடி. டேப் பிடித்தால் 980. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கசிவும் நிற்கவில்லை. "ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும்மா" என்றார் கான்ட்ராக்டர். அது என்னை உலுக்கியது. பத்து நாள் வெயிலில் கலவை சுமந்த சித்தாளின் கூலி நம் தகராறில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அவரையும் கூட வைத்துக்கொண்டு அளந்தேன். முடிந்த வேலை, முடியாத வேலை என்று பிரித்து எழுதி, முடிந்ததற்கு அன்றே பேங்க் மூலம் பணம் போட்டேன். மாடியில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் கசியாமல் நின்றால் பாக்கி 22,000 ரூபாய் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். முதல் தடவை கசிந்தது. மழைநீர்க் குழாய் வாயை உடைத்துத் திரும்பப் பூசினார். அடுத்த தடவை ஒரு சொட்டு இல்லை. அன்று சாயங்காலமே பாக்கியைக் கொடுத்தேன்.

நீயும் அப்படியே செய். குறைகளைப் படம் எடு. பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வை. உன் கான்ட்ராக்டர் மசியவில்லை என்றால், 15 நாள் கெடு வைத்து, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பு. அதற்கும் பதில் இல்லாவிட்டால் 1915-க்குப் போன் செய். அது தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது உன் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் சட்டப்படி நீ குடியிருக்கும் ஊரிலேயே, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

அவ்வளவு தூரம் போகாது என்றே நம்புகிறேன். செய்த வேலைக்குக் காசு உடனே கைக்கு வந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும். இன்றைக்கே கணக்கை எழுதிப் படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா