முட்புதருக்குள் மிளகு

இங்கிலாந்துக்குப் போகிறேன் என்றதும் அலுவலக நண்பர்கள் லண்டன் பாலம், மெழுகுச் சிலைகள், ஓல்ட் டிராஃபோர்ட் என்று ஒரு பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். 16 நாள் விடுப்பில் நான் அதிகம் பார்த்தது ஒரு முட்புதரைத்தான். பார்த்ததோடு நிற்கவில்லை. அதற்குள் வயிற்றால் ஊர்ந்தும் போனேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, 1974-இல் சுங்கை சிப்புட்டிலிருந்து தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர். அந்தக் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்தும் சிறுபட்டணங்களிலிருந்தும் நிறையப் பெண்கள் அப்படிப் போனார்கள். பலர் திரும்பி வந்தார்கள். அத்தை அங்கேயே ஓர் ஆங்கிலேயரை மணந்துகொண்டு தங்கிவிட்டார். நாங்கள் அவரை "மாமா" என்றே கூப்பிடுகிறோம். அது தன் பெயர் என்றே அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அவர்கள் வீடு நார்ஃபோக்கில், தெட்ஃபோர்ட் அருகே. லண்டன் கிங்ஸ் கிராஸில் ஏறி ஈலியில் ரயில் மாற வேண்டும். ஈலி வரை மேசை விரித்த மாதிரி வயல். அதைத் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. மணல் பூமி, பைன் மரம், இடையிடையே பெரணியும் மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் முட்செடியும். பிரெக்லண்ட் என்று இந்தப் பகுதிக்குப் பெயர். பைன் காடு பழையது என்று நினைத்திருந்தேன். முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய அரசாங்கம் 1922-இலிருந்து நட்டுவைத்ததாம். அதற்கு முன்பு இங்கே பெரிய வருமானம் முயல்தான். இறைச்சிக்கும் தோலுக்கும் பண்ணை வைத்து வளர்த்திருக்கிறார்கள். திருடர்களிடமிருந்து முயலைக் காக்க 1400-ஐ ஒட்டி ஒரு காவல் வீடு கட்டியிருக்கிறார்கள். தடித்த கற்சுவரோடு அது இன்னும் காட்டுக்குள் நிற்கிறது. முயலுக்குக் கோட்டையா என்று சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

மாமா காட்டு இலாகாவில் மரம் வெட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 73. குளிர்காலச் சனிக்கிழமைகளில் அவருக்கு ஒரு வேலை உண்டு. ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வகைப் பறவையைச் சுடும் பருவம் அங்கே அக்டோபர் 1-இல் தொடங்கி பிப்ரவரி 1-இல் முடிகிறது. துப்பாக்கிக்காரர்கள் ஒரு வரிசையாக நிற்பார்கள். மாமா போன்றவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து நாயோடு புதர் புதராக நுழைந்து பறவையைக் கிளப்பிவிடுவார்கள். கூலி சொற்பம். போகும்போது ஒரு ஜோடிப் பறவை கையில் கிடைக்கும். அத்தை அதை மிளகு போட்டுப் பிரட்டல் செய்வார். வளர்த்துக் காட்டில் விட்டுப் பிறகு சுடுவது எனக்கு ஒப்பவில்லை. சொன்னேன். "இங்கேயும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார் மாமா. அவர் துப்பாக்கி தூக்குபவர் அல்ல. அவருக்கு நாய்தான் எல்லாம்.

இரண்டு நாய்கள் இருந்தன. இரண்டும் ஸ்பிரிங்கர் ஸ்பேனியல். மறைந்திருக்கும் பிராணியைத் துள்ளி எழ வைப்பதால்தான் ஸ்பிரிங்கர் என்று பெயர். துப்பாக்கி பரவுவதற்கு முன்பே, வலை விரித்தும் வல்லூறு பறக்கவிட்டும் வேட்டையாடிய காலத்திலேயே இந்த வேலையைச் செய்துவந்த சாதி. மூத்தவள் நெல். அது ஆங்கிலப் பெயர்தான். ஆனால் நமக்கு நெல் என்றால் வேறு அல்லவா? அந்தச் சந்தோஷத்தில், அடுத்து வந்த குட்டிக்கு அத்தை "மிளகு" என்று வைத்துவிட்டார். மாமா வாயில் "ள" வராது. "மிலு" என்பார். வெள்ளை உடம்பில் காப்பிக்கொட்டை நிறத் திட்டுகள், தரையைப் பெருக்கும் காதுகள், 9 மாத வயது. வால் மட்டும் குட்டை. முள்ளில் அடிபட்டு வால் நுனி கிழியும் என்பதால், வேலைக்குப் போகும் ஸ்பேனியலுக்கு மட்டும், பிறந்து 5 நாளுக்குள் மருத்துவர் கையால் வாலைக் குறைக்க இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குத் தருகிறது. அத்தைக்கு அதில் இன்னும் கோபம். "வால ஆட்டாத நாய் என்னடா நாய்?" என்கிறார். மிளகு இருக்கிற வாலையே இடுப்போடு சேர்த்து ஆட்டுவான்.

போன மறுநாளே பயிற்சி பார்க்கப் போனேன். ஒரு விவசாயி அனுமதி கொடுத்திருந்த ஓரக் காடு. மாமா முதலில் ஒரு பிடி புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். காற்று முகத்தில் அடிக்கிற பக்கம் பார்த்து நின்றார். மோப்பம் நாயை நோக்கி வர வேண்டும். வெயில் ஏறி மண் காய்ந்துவிட்டால் வாசனை நிற்காது என்பதால் காலைப் பனியிலேயே வந்துவிடுவாராம். கழுத்தில் ஒரு விசில். பர்மிங்ஹாமில் செய்யும் ஆக்மி, எண் 210.5. தொலைந்தால் அதே எண்ணை வாங்கினால் அதே சுருதி கிடைக்கும். நாய்க்கு வித்தியாசம் தெரியாது.

சின்னதாக இரண்டு ஊதல் என்றால் திரும்பு. நீளமாக ஒன்று என்றால் எங்கே இருந்தாலும் உட்கார். மிளகு மாமாவுக்கு முன்னால் இடமும் வலமுமாக, காரின் முன்கண்ணாடித் துடைப்பான் போல ஓடினான். 20 மீட்டருக்கு மேல் விலகினால் திரும்ப ஊதல். நாய் அதைத் தாண்டிப் போய்ப் பறவையைக் கிளப்பினால் துப்பாக்கிக்கு எட்டாது.

மாமா அவனை முழங்கால் உயரப் புல்லில்தான் விட்டார். அவன் பார்க்காத நேரத்தில் புல்லுக்குள் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுவிடுவார். காற்றை எதிர்த்து ஓடி வருகிறவன் மூக்கைத் தூக்குவான், நுழைவான், பந்தோடு வருவான். அடுத்து கொஞ்சம் உயர்ந்த புல். பிறகு சாய்ந்த பெரணி. பக்கத்திலேயே ஆள் உயரத்துக்குப் பிளாக்பெர்ரி முட்புதர் பழம் பழுத்துக் கறுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் அவனை அவர் திருப்பவே இல்லை.

எனக்குப் பொறுமை போயிற்று. எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் நாய்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. பசித்த நாய், லாலான் புல்லோ முள்ளோ, உள்ளே போகும். ரத்தத்தோடு வரும். மறுவாரமும் போகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மூன்றாம் நாள் மாமா வேனில் ஏதோ எடுக்கப் போன நேரம், ஒரு பந்தை மிளகின் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, அந்த முட்புதரின் நடுவில் வீசினேன்.

குட்டி குண்டு மாதிரி பாய்ந்தான். இரண்டு விநாடி. பிறகு வந்த சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. வெளியே வந்தவன் முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மூக்கில் ரத்தம். இடது கண் மூடிக்கொண்டது.

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. செயற்கை மூட்டு வைத்த முழங்காலோடு குனிந்து, 15 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு விழியில் கீறல்தான், பார்வைக்குப் பயமில்லை என்றார். 5 நாள் சொட்டு மருந்து. இரவுச் சாப்பாட்டின்போதுதான் மாமா கேட்டார்: "அந்தப் பந்து கிடைத்ததா?"

"இல்லை, மாமா."

"அதுதான் கஷ்டம். முள் குத்தியதைக்கூட மறந்துவிடுவான். உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பிப் போனான். முள் மட்டும்தான் இருந்தது."

பாத்திரம் கழுவும்போது அத்தை மீதியைச் சொன்னார். நெல்லுக்கு 11 வயது. காது மந்தம். இன்னொரு குளிர்காலம் தாங்காது. மாமாவும் இனிமேல் ஒரு குட்டியை வளர்க்கப் போவதில்லை. "மிளகு புதருக்குள்ள போகலன்னா அந்தச் சனிக்கெழம வேலை இல்லடா. நவம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும் இங்க. அந்த நாற்காலியில உக்காந்தாருன்னா அவ்ளோதான்." என்னைத் திட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொட்டு மருந்து நாள்களில் பயிற்சி இல்லை. என்னை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டும் என்று அத்தை எல்வெடன் கூட்டிப் போனார். 4 மைல்தான். அந்தத் தேவாலய மயானத்தில் பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் கல்லறை இருக்கிறது. 1849-இல் நாட்டையும் கோஹினூரையும் இழந்த சிறுவன், 1854-இல் இங்கிலாந்து வந்து, 1863-இல் இந்த எல்வெடன் பண்ணையை வாங்கியிருக்கிறார். இந்த மணல் பூமியைப் பெயர் பெற்ற வேட்டைக் களமாக்கினார். அக்கால இங்கிலாந்தின் சிறந்த குறிபார்ப்பவர்களில் ஒருவர் என்று பேர் வாங்கினார். 1893-இல் பாரிஸில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். பக்கத்தில் மனைவியும் ஒரு மகனும். அத்தை கொஞ்ச நேரம் நின்றார். "நான் வந்த புதுசுல இந்தப் பக்கத்துல நம்ம நெறத்துல இவர் மட்டும்தான் இருந்தாரு" என்று சிரித்தார்.

ஆறாம் நாள் வெளியே அழைத்துப் போனோம். மிளகு முழங்கால் புல்லுக்கே தயங்கினான். புல்லின் விளிம்பு வரை வருவான், முன்காலைத் தூக்குவான், மாமாவின் காலடிக்குத் திரும்புவான். மாமா அவனை அதட்டவில்லை, தள்ளவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். வெட்டிய வயலின் அறுப்புக் கட்டையில் பந்து, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. மறுநாள் கணுக்கால் புல். ஒவ்வொரு முறையும் பந்து நிச்சயம் இருக்கும். நான்கு முறைக்கு மேல் செய்யவிட மாட்டார். இன்னும் வேண்டும் என்று அவன் குதிக்கும்போதே வேனில் ஏற்றிவிடுவார்.

நெல்லையும் கொண்டுவந்தார். மிளகின் கயிற்றை நான் பிடித்துக்கொள்ள, கிழவி முட்புதருக்குள் தலையைக் கொடுத்து, தோளால் நெம்பி, பந்தோடு வெளியே வந்தாள். கண்களைப் பாதி மூடிக்கொண்டு முள்ளுக்கு அடியில் தாழ்ந்து போகிறாள் என்பதை அன்றுதான் கவனித்தேன். மிளகு பொறாமையில் முனகினான். ஆனால் இரண்டு நாளோடு நெல்லை நிறுத்திவிட்டார். "இதையே செய்தால், அவள் எடுத்து வரட்டும் என்று நிற்கப் பழகிவிடுவான்."

எனக்கு ஒரு வேலை கிடைத்தது. செடி வெட்டும் கத்தரிக்கோலைக் கொடுத்து, முயல் போன தடம் பார்த்து, அந்த முட்புதருக்குள் ஒரு சுரங்கம் வெட்டச் சொன்னார். முதல் நாள் ஒரு முழம். கடைசியில் பந்து. மிளகு தலையை மட்டும் விட்டு எடுத்தான். அடுத்த நாள் இரண்டு முழம். அதற்கடுத்த நாள் வெட்டுவதைக் குறைத்து, சில கொடிகளைத் தொங்கவிடச் சொன்னார். வயிற்றால் ஊர்ந்து, சட்டையும் தோலும் கிழிந்து, நான் வீசிய பழைய பந்தையும் ஒருநாள் கண்டெடுத்தேன். அன்று அதையேதான் உள்ளே வைத்தோம்.

புறப்படும் நாள் காலை. ரயில் மதியம்தான். பள்ளத்தின் ஓரமாக, வெட்டாத ஒரு முட்புதர்ப் பக்கம் மாமா நடந்தார். காற்று முகத்தில். பனி இன்னும் காயவில்லை. பந்து எதுவும் வைத்திருக்கிறாரா என்று கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

இடம், வலம், இடம். விளிம்பில் மிளகு நின்றான். ஒரு முன்கால் தூக்கியபடி. திரும்பி மாமாவைப் பார்ப்பான் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தான். "போடா" என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் தலையைத் தாழ்த்தினான். முதுகு மறைந்தது, குட்டை வால் மறைந்தது. அதன் பிறகு கொடிகள் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அசைவு மெல்ல நடுப்புதருக்குப் போயிற்று. அங்கே நின்றது. படபடவென்று ஒரு பெட்டை ஃபெசன்ட் புதரைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது.

பறவை எழுந்தால் நாய் அப்படியே உட்கார வேண்டும். மிளகு உட்காரவில்லை. புதரைத் தாண்டி வயலில் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். நீள விசில் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில்தான் பின்புறம் தரையைத் தொட்டது.

"அது அடுத்த மாத வேலை" என்றார் மாமா. விசில் ஊதி மூச்சு வாங்கியதாலா என்று தெரியவில்லை, முகம் சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கைத் தரையில் வைத்து, இடுக்கியோடு உட்கார்ந்தார். காதின் உள்பக்கம், விரலிடுக்கு, கண்ணோரம், பிறகு பெரணியில் ஒட்டிக்கொள்ளும் உண்ணி இருக்கிறதா என்று அக்குள். மிளகை முடித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். முட்களை ஒரு தட்டில் போட்டு எண்ணினார். அவனுக்கு மூன்று, எனக்கு நான்கு.